சேவலும் சொல்லும்: கோழி இனங்களின் தர வரையறை குறித்து



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் கோழி வளர்ப்பைப் பற்றிய உரை இடம்பெறுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஈப்போவில் கோழி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தவுகே கோழிச் சோறு. இலக்கணமும் இலக்கியமும் அல்ல. ஆயினும் ஒரு கோழி தன் இனத்துக்கு உரிய வடிவோடு இருக்கிறதா, அவ்வினத்துள் அது சிறந்ததா என்று தீர்ப்பளிக்கும் கலை முழுவதும் சொற்களின்மேல் நிற்பது. கண்காட்சியில் நடுவர் சேவலைக் கையில் எடுக்கிறார். அது முதலில் ஒத்துநோக்கப்படுவது பக்கத்துக் கூண்டுச் சேவலோடு அன்று. ஏட்டில் எழுதப்பட்ட ஒரு வருணனையோடு. அந்த வருணனையையே இனத்தின் தர வரையறை என்கிறோம்.

இவ்வுரையில் மூன்று செய்திகளைப் பார்ப்போம். இவ்வரையறை எப்படித் தோன்றியது. அது பறவையின் உடலில் எவ்வாறு வேலை செய்கிறது. பேராக் மாநிலத் தோட்டப்புறங்களில் நம்மவர் வளர்த்த கோழிகளுக்கு அத்தகைய ஏடு ஒன்று இல்லாமையால் நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்பன அவை.

வரையறை பிறந்த வரலாறு

இங்கிலாந்தில் பெரிய அளவிலான முதல் கோழிக் கண்காட்சி 1845ஆம் ஆண்டு இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் நடந்தது. சேவற்சண்டைக்குத் தடை வந்தபின், அதுவரை களத்தில் சேவலை மோதவிட்டவர்களில் பலர் கூண்டில் அதன் அழகைக் காட்டிப் பரிசு பெற முனைந்தனர். உடனே ஒரு சிக்கல் எழுந்தது. களத்தில் வெற்றி தோல்வியைச் சேவலே முடிவு செய்துவிடும். கண்காட்சியிலோ நடுவர்தாம் முடிவு செய்ய வேண்டும். ஒரு நடுவர் உயரத்தை விரும்பினார். இன்னொருவர் நிறத்தை விரும்பினார். ஓர் ஊரில் முதற்பரிசு பெற்ற பறவை அடுத்த ஊரில் ஏதும் பெறாமல் திரும்பியது.

இதற்குத் தீர்வாக 1865ஆம் ஆண்டு, டபிள்யூ. பி. டெகெட்மையர் பதிப்பாசிரியராக இருந்து, பிரிட்டனின் முதல் கோழி மன்றத்துக்காக இனத் தரநூல் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் 1873இல் தோன்றி, அடுத்த ஆண்டே தன் தரநூலை அச்சிட்டது. ஒவ்வோர் இனத்துக்கும் தலை, கொண்டை, கழுத்து, முதுகு, மார்பு, இறக்கை, வால், கால், நிறம் என்று உறுப்பு உறுப்பாக எழுதி, மொத்தம் 100 மதிப்பெண்ணை அவற்றுக்குப் பங்கிட்டனர். இந்த டெகெட்மையரே சார்லஸ் டார்வினுக்குக் கோழி, புறா ஆகியவை பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்தவர். வீட்டுக் கோழிகள் யாவும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழி வந்தவை என்னும் கருத்தை டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார்.

நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை ஒன்று உண்டு. 1865ஆம் ஆண்டின் முதல் தரநூலிலேயே 'மலாய்' என்னும் பெயரில் ஓர் இனம் இடம்பெற்றது. நம் பகுதியிலிருந்து கப்பலேறிச் சென்ற நெடிய கோழி அது. அகன்ற மண்டை, கண்ணின்மேல் கவிந்த புருவம், சிவந்து சுருங்கிய சிறு கொண்டை, மஞ்சட் கால், உடலோடு இறுகப் படிந்த குறுகிய இறகு ஆகியவை அதன் அடையாளங்கள். கழுத்து ஒரு வளைவு, முதுகு ஒரு வளைவு, வால் ஒரு வளைவு என மூன்று வளைவுகள் தொடர்ந்து அமைய வேண்டும் என்பது அதன் இலக்கணம். சிறு உருவக் கோழிகளை உலகம் 'பாண்டம்' என்று அழைப்பதும் சாவகத் தீவின் பந்தன் துறைமுகத்தின் பெயரால்தான். கோழியை எழுத்தில் வரையறுத்தவர் மேலைநாட்டார். அவர்கள் வரைந்தவற்றுள் நம் பக்கத்துப் பறவைகளும் இருந்தன.

நடுவரின் கண்ணும் கையும்

தேர்ந்த நடுவர் பறவையைத் தொடுமுன் சற்றுத் தொலைவில் நின்று அதன் நிழலுருவை நோக்குவார். இனத்தை முதலில் காட்டுவது வடிவம், நிறம் பின்னரே. பிறகு ஒரு கையால் மார்பைத் தாங்கி, தலை முன்வரக் கூண்டிலிருந்து எடுப்பார். மார்பெலும்பு நேராக இருக்கிறதா என்று விரலால் தடவி அறிவார். இறக்கையை விரித்து, முதன்மைச் சிறகுகள் பத்தும் ஒழுங்காக அடுக்கியுள்ளனவா என்று எண்ணுவார். வால் ஒருபுறம் சாய்ந்திருந்தாலோ, கால்விரல் கோணியிருந்தாலோ, கொண்டையில் இருக்கக்கூடாத கிளை முளைத்திருந்தாலோ அது குறைபாடு. சில குறைபாடுகள் மதிப்பெண்ணைக் குறைக்கும். சில பறவையைப் போட்டியிலிருந்தே நீக்கிவிடும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நூல் தெளிவாகச் சொல்லியிருப்பதால், நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் குறைகிறது.

ஆசிரியர்கள் இதை எளிதில் உணர்வர். கட்டுரைத் தாளைத் திருத்தும்போது எழுத்துப் பிழைக்கு எவ்வளவு, கருத்துக்கு எவ்வளவு என்று முன்னரே பங்கிட்டுக்கொள்ளாவிட்டால், ஒரே தாள் இரு ஆசிரியர் கையில் இரு மதிப்பெண் பெறும். கோழி நடுவர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் அதுவே.

தமிழில் கோழியின் சொற்கள்

பறவையை உற்றுநோக்கிப் பெயரிடும் மரபு தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல் விலங்குக்கும் பறவைக்கும் உரிய இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வகுத்துச் சொல்கிறது. சேவல் என்பது இன்று நமக்குக் கோழியின் ஆண். தொல்காப்பியர்க்கோ அது மயில் நீங்கலாகச் சிறகுடைய பறவைகளின் ஆணுக்கெல்லாம் பெயர். அளகு என்னும் பெண்பாற் பெயரைக் கோழிக்கும் கூகைக்கும் உரியதாக்கி, மயிலுக்கும் அது பொருந்தும் என்கிறார். எச்சொல் எதற்கு உரியது, எதற்கு உரியதன்று என்று வரம்பு கட்டும் இம்முயற்சியும் ஒருவகைத் தர வரையறையே. அலகு, அளகு, அழகு ஆகிய மூன்றையும் ஒலி பிறழாமல் சொல்லப் பழகும் மாணவர், மூன்றும் ஒரே கோழியிடம் இருப்பதை நினைவிற் கொள்ளலாம். அலகு என்பதற்கு அளவை என்றும் பொருள் உண்டென்பது நம் தலைப்புக்கு இன்னும் பொருத்தம்.

தமிழகத்தின் அரசலாபுரத்திலும் இந்தளூரிலும் சேவல்களுக்கு எடுத்த நடுகற்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 1,500 ஆண்டுப் பழமையுடைய அக்கற்களில் சேவலின் உருவமும், அதன் ஊரும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தளூர்ச் சேவலின் பெயர் பொற்கொற்றி. போரில் வீழ்ந்த வீரனுக்குச் செய்ததைச் சேவலுக்கும் செய்தவர்கள், அதனைத் தனித்து அடையாளம் காணத் தெரிந்தவர்களாகவே இருந்திருப்பர்.

இன்றும் தமிழகச் சேவல் வளர்ப்பாளரிடம் ஒரு தனிச் சொற்களஞ்சியம் உண்டு. உருவில் பெரியது பெருவிடை, சிறியது சிறுவிடை. முழுக்கருமை காகம், சிவப்பு செவலை, கீரியின் உடல்போலக் கலந்த நிறம் கீரி. கொண்டையைப் 'பூ' என்பர். கத்தி முனைபோல் நிமிர்ந்திருப்பது கத்திப்பூ, தவளை அமர்ந்ததுபோல் படிந்திருப்பது தவக்களைப்பூ. கிளிமூக்கு, விசிறிவால் என்னும் இரு சொற்களும் ஓர் இனப்பிரிவின் பெயராகவே நிலைத்துவிட்டன. அப்பிரிவுச் சேவல்களுக்குத் திண்டுக்கல் முதலிய ஊர்களில் சண்டையின்றி அழகுக்காகவே கண்காட்சி நடத்தி, மூக்கு, கொண்டை, கண், கழுத்து, வால் ஆகியவற்றைப் பார்த்துப் பரிசளிக்கின்றனர். இச்சொற்கள் எல்லாம் உவமையால் ஆனவை. மேலைநாட்டுத் தரநூல் அளவாலும் கோணத்தாலும் சொல்வதைத் தமிழர் கிளியாலும் கீரியாலும் காகத்தாலும் சொல்கின்றனர். துல்லியம் இரண்டிலும் உண்டு. ஆனால் உவமைச் சொல்லைப் புரிந்துகொள்ள, அதனைச் சொல்பவரும் கேட்பவரும் ஒரே பறவையை ஒன்றாகப் பார்த்திருக்க வேண்டும்.

அசல், அஸ்லி, அசில்

'தூய இனம்' என்னும் தொடரை இங்கே சற்று நிறுத்தி ஆராய வேண்டும். இந்தியாவின் புகழ்பெற்ற போர்ச்சேவல் இனத்தின் பெயர் அசில். அரபு மொழியில் அச்சொல்லுக்கு மூலமானது, குலச்சிறப்புடையது என்று பொருள். அதே அரபு வேரிலிருந்து மலாய்க்கு வந்த சொல் அஸ்லி. ஓராங் அஸ்லி என்று நாம் சொல்லும்போது அதனையே சொல்கிறோம். அதே வேரிலிருந்து தமிழுக்கு வந்த சொல் அசல். தூய்மையைக் குறிக்க நாம் கையாளும் சொல்லே கடல் கடந்து வந்தது. சேவல் நிறங்களில் ஒன்றுக்கு வளர்ப்பாளர் இட்டுள்ள யாகூத் என்னும் பெயரும் அரபு, உருது வழி வந்து மாணிக்கத்தைக் குறிப்பது.

பறவையின் குருதியும் இதையே சொல்கிறது. வீட்டுக் கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி என்றாலும், அதன் மஞ்சட் காலுக்கும் மஞ்சட் தோலுக்கும் காரணமான மரபணு வேறோரிடத்திலிருந்து வந்தது. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியே அதன் மூலம் என்று சுவீடன் நாட்டு உப்சாலா ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். மலாய் இனத்தின் தரநூல் மஞ்சட் காலைத் தூய்மையின் அடையாளமாகக் கேட்கிறது; அந்த மஞ்சளோ ஒரு பழங்கலப்பின் சுவடு.

பின்னாளிலும் இப்படியே நடந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் அசிலையும் மலாய்க் கோழியையும் ஆங்கிலப் போர்ச்சேவலையும் கலந்து கார்னிஷ் என்னும் இனத்தை உருவாக்கினர். போருக்கு அது பயன்படவில்லை. அகன்ற மார்பு மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்னும் பெயரில் ஒரு பெரும்போட்டி நடந்தது. அங்கே மெழுகில் வார்த்த இறைச்சிக் கோழியின் உருவமே அளவுகோல். 1948ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் வென்றது கார்னிஷ் குருதி கலந்த கோழி. இன்றைய இறைச்சிக் கோழிகளின் தந்தைவழியில் கார்னிஷ் நிற்கிறது. ஈப்போச் சந்தையில் தோல் உரித்துத் தொங்கும் கோழியின் மார்பில், இந்தியாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் சென்ற சேவல்களின் பங்கு திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே ஓர் இனத்தின் தூய்மையை அதன் தொடக்கத்தில் தேடினால் கிடைக்காது. பலர் கூடி ஒரு வடிவத்தை ஒப்புக்கொண்டு, அதனை எழுதிவைத்து, தலைமுறை தலைமுறையாக அதற்கு ஏற்பத் தெரிந்தெடுத்து வளர்ப்பதால் உண்டாகும் நிலைபேறே தூய்மை. பெற்றோரைப்போலவே குஞ்சு பிறக்கும் என்று நம்பத்தக்க நிலை எய்தினால் அது இனம்.

வளர்ப்பாளரின் கணக்கு

இந்த நிலைபேறு எளிதில் வருவதில்லை. அறிவியல் ஆசிரியர்கள் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. கிரிகோர் மெண்டலின் விதிகள் விலங்குக்கும் பொருந்தும் என்று வில்லியம் பேட்சன் கோழிகளைக் கொண்டே 1902இல் நிறுவினார். ரோஜாக் கொண்டைக் கோழியையும் பட்டாணிக் கொண்டைக் கோழியையும் சேர்த்தால், இரண்டும் அல்லாத வால்நட் கொண்டையுடன் குஞ்சுகள் பிறக்கும். அக்குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் வால்நட், ரோஜா, பட்டாணி, ஒற்றைக் கொண்டை ஆகியவை 9:3:3:1 என்னும் விகிதத்தில் தோன்றும். தாத்தா பாட்டி எவர்க்கும் இல்லாத ஒற்றைக் கொண்டை பேரக்குஞ்சுக்கு வருவதைக் கண்டு, "பக்கத்து வீட்டுச் சேவல் வந்துவிட்டது" என்று பழி சொல்ல வேண்டியதில்லை. கணக்கே அதற்கு விடை.

ஆகையால் வளர்ப்பாளருக்குக் கண் மட்டும் போதாது, பதிவேடும் வேண்டும். எந்தப் பெட்டையின் முட்டை எது, எந்தச் சேவலின் குஞ்சு எது என்று எழுதிவைக்க வேண்டும். குஞ்சு பொரித்த அன்றே அதன் கால்விரல்களுக்கு இடையிலுள்ள சவ்வில் சிறு துளையிட்டுக் குறி வைக்கும் வழக்கம் உண்டு. இரண்டு காலிலும் சேர்த்து நான்கு சவ்வுகள். ஒவ்வொன்றும் துளையுடனோ துளையின்றியோ இருக்கலாம். ஆகவே 16 குடும்பங்களைப் பிரித்தறியலாம். கணிதப் பாடத்தில் இதனைக் காட்டினால் மாணவர் மறக்கமாட்டார்.

சில சமயம் நூல் கேட்பதைக் குருதி தர மறுக்கும். அந்தலூசியன் என்னும் இனத்தின் தர நிறம் நீலச்சாம்பல். நீலச் சேவலையும் நீலப் பெட்டையையும் சேர்த்தாலும் குஞ்சுகளில் பாதியே நீலம். கால்பங்கு கருமை, கால்பங்கு புள்ளி தெறித்த வெண்மை. எத்தனை தலைமுறை உழைத்தாலும் இவ்விகிதம் மாறாது. ஜப்பானியக் குறுங்கோழியான சாபோவுக்குத் தரநூல் கேட்பது மிகக் குட்டையான கால். அதனைத் தரும் மரபணு இருபுறமிருந்தும் வந்தால் குஞ்சு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக்காற் சேவலையும் குட்டைக்காற் பெட்டையையும் சேர்ப்பவர், கால்பங்குக் குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே இழக்கிறார். பரிசுக்கோப்பையின் விலையில் இதுவும் அடங்கும் என்பதை நாம் மறக்கலாகாது.

இன்னொரு கேட்டினையும் சொல்ல வேண்டும். வரிக்கோடுடைய பிளிமத் ராக் இனத்தில், அவ்வரிக்குரிய மரபணு சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்று. அதனால் சேவல் இயல்பாகவே வெளிறித் தோன்றும். கண்காட்சியிலோ இரண்டும் ஒரே அடர்த்தியில் இருக்க வேண்டும் என்றனர். விளைவு, பரிசு பெறும் சேவலுக்கு ஒரு வழி, பரிசு பெறும் பெட்டைக்கு வேறொரு வழி என இரட்டை வளர்ப்பு தோன்றியது. பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் நின்று பரிசு வாங்கிய சேவலும் பெட்டையும் இணைந்தால் பரிசுக்குரிய குஞ்சு பிறப்பது அரிது. வாழ்வைப் பார்த்து எழுதிய வரையறை இனத்தைக் காக்கும். கூண்டை மட்டும் பார்த்து எழுதியது இனத்தைப் பிளக்கும்.

மலேசியா தந்த இனம்

நம் நாடே உலகுக்கு அளித்த இனம் செராமா. உலகின் மிகச் சிறிய கோழியினம் அது. வளர்ந்த சேவலும் பெரும்பாலும் 500 கிராமுக்குக் குறைவு. கிளந்தானில் வீ இயன் ஈன் என்பவர் 1970களில் சிறு கோழிகளைத் தெரிந்தெடுத்து இணைத்து இதனை உருவாக்கினார். ஸ்ரீ ராமா என்னும் பெயரே செராமா ஆயிற்று என்பர். 1990ஆம் ஆண்டு பெர்லிஸில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது.

செராமாவைக் கூண்டில் வைத்து மட்டும் மதிப்பிடுவதில்லை. மேசைமேல் விடுவர், அது நடக்க வேண்டும், நிமிர வேண்டும், தன்னைக் காட்ட வேண்டும். தலை பின்னோக்கி வளைய, மார்பு முன்னே தள்ள, வால் செங்குத்தாக நிற்க, இறக்கைகள் தரை நோக்கி நேராக இறங்க வேண்டும். அஞ்சி ஒடுங்கும் பறவை எவ்வளவு அழகாயினும் பின்தங்கும். நிறத்துக்கு நம் நாட்டு மரபில் முதன்மை இல்லை. ஒரே அடையில் பல நிறக் குஞ்சுகள் பொரிப்பது இயல்பு. அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் 2011இல் இவ்வினத்தை ஏற்றபோதோ, அங்குள்ள முறைப்படி வெள்ளை என்னும் ஒரு நிறத்தில் நிலைபெற்றதையே ஏற்றது. ஒரே பறவைக்கு இரு நாட்டில் இரு இலக்கணம். இங்கே குணமும் நடையும் முதன்மை. அங்கே நிறத்தின் நிலைபேறும் தேவை. எதனைச் சொல்லில் வைக்கிறோமோ அதுவே பறவையில் தங்கும்.

தோட்டத்துக் கோழி

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ஹியூ லோ இரப்பர்க் கன்றுகளை நட்டார். அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் பேராக்கின் காடுகள் தோட்டங்களாயின. தமிழர் லயங்களில் குடியேறினர். லயத்தின் பின்புறம் கோழிக்கூண்டு இருந்தது. மலாயில் ரெபான் என்பதை நம்மவரும் அப்படியே அழைத்தனர். பால்மரம் வெட்டும் கூலிக்கு அப்பால் ஒரு குடும்பத்துக்கு இருந்த சிறு சேமிப்பு அந்தக் கோழிகள். விருந்தினர் வந்தால் குழம்பு, முனியாண்டிக்கு நேர்த்திக்கடன், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு முட்டைக் காசு எல்லாம் அங்கிருந்தே வந்தன. குன்றோ செரோவின் கல்லுமலைக் கோயிலில் முருகன் கொடியில் கண்ட சேவல், வீட்டுக் கூரைமேலும் நின்று கூவியது.

அக்கோழிகள் பல வழிவந்த கலப்பு. கம்பத்துக் கோழியின் குருதி இருந்தது. அருகிலுள்ள காட்டுக்கோழிச் சேவலின் பங்கும் சில இடங்களில் இருந்திருக்கும். ஆயினும் எந்தப் பெட்டை நன்றாக அடைகாக்கும், எது பருந்தைக் கண்டால் குஞ்சுகளை மறைக்கும், எந்தச் சேவலை வைத்துக்கொள்ளலாம், எதை அறுக்கலாம் என்று வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தனர். அவர்களே நடுவர்கள், அவர்கள் நாவில் இருந்ததே தரநூல். அது எழுதப்படவில்லை.

1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தச் சூழலில்தான். பின்னர் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மக்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் பெயர்ந்தனர். கூண்டுக்கு அங்கே இடமில்லை. பறவைக் காய்ச்சல் 2004இல் கிளந்தானிலும் 2006இல் பேராக்கிலும் தோன்றியபோது, நோய்ப்பரவலைத் தடுக்கச் சுற்றுவட்டாரக் கோழிகள் கொன்றழிக்கப்பட்டன. அத்தகைய நாளில் ஓர் இனத்துக்கு ஏடு இருந்தால் வேறோர் ஊரிலுள்ள பறவையைக் கொண்டு அதனை மீட்கலாம். ஏடில்லாத கோழி போனால், போனது இன்னதென்று சொல்லவும் வழியில்லை.

இதில் மொழிக்கு உள்ள இழப்பைப் பாருங்கள். வணிகப் பண்ணைக்குரிய முட்டைக் கோழியிடம் அடைகாக்கும் இயல்பு தெரிந்தெடுப்பினால் ஏறக்குறைய நீக்கப்பட்டுவிட்டது. குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்து பெட்டியில் வருகின்றன. கலப்பினமாதலால் அவற்றின் வழித்தோன்றல் பெற்றோரைப்போல் அமையாது. வளர்ப்பவர் ஒவ்வொரு முறையும் நிறுவனத்திடமே குஞ்சு வாங்க வேண்டும். அடைக்கோழி இல்லாத வீட்டில் அடைவைத்தல் என்னும் சொல்லுக்கு வேலை இல்லை. கூமுட்டை என்பது ஒருவரை ஏசும் சொல்லாக மட்டும் நிற்கும். விடைக்கோழிக்கும் பெட்டைக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்னும் பழமொழியைப் பாடநூலில் மனப்பாடம் செய்யும் பிள்ளை, கோழி குஞ்சுகளிடையே எப்படிக் கால்வைத்து நடக்கும் என்பதைக் கண்டிருக்காது. சொல் பறவையைக் காப்பதுபோலவே பறவையும் சொல்லைக் காத்துவந்தது. ஒன்று நீங்கினால் மற்றது நெடுநாள் நில்லாது.

செய்யத்தக்கது

நாட்டிலேயே மிகுதியான தமிழ்ப்பள்ளிகளைக் கொண்ட மாநிலம் பேராக். அவற்றுள் பல தோட்டப்பள்ளியாகத் தொடங்கியவை. ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு பணியை வேண்டுகிறோம். உங்கள் ஊரில் இன்னும் கோழி வளர்க்கும் பாட்டியை, தாத்தாவைக் கண்டு பேசுங்கள். அவர் கூண்டிலுள்ள ஒரு சேவலையும் ஒரு பெட்டையையும் எடுத்துக்கொண்டு தலைமுதல் கால்வரை வருணியுங்கள். எடையை நிறுத்து எழுதுங்கள். கொண்டை எவ்வகை, கால் நிறம் யாது, வால் எப்படி நிற்கிறது, ஓர் அடைக்கு எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு பிழைக்கிறது என்று குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் சொல்லையே எழுதுங்கள். அகராதியில் இருக்கும் சொல்லை அவர் வாயில் திணிக்காதீர்கள். அச்சொல் மலாயாக இருந்தாலும், உருது வழி வந்திருந்தாலும், பேச்சுத் திரிபாக இருந்தாலும் அதற்கு ஒரு வரி கொடுங்கள். அசல் என்னும் சொல்லையே கடனாகப் பெற்ற நாம் அதற்காக நாணத் தேவையில்லை.

சேவற்சண்டை இதில் சேராது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியுள்ளது. நாம் கேட்பது பார்வை, அளவை, பதிவு ஆகிய மூன்றுமே. பல பள்ளிகளின் குறிப்புகள் ஒன்றுசேர்ந்தால், பேராக் தோட்டத்துக் கோழி எப்படி இருக்கும் என்று முதன்முறையாக நாம் உரையாடத் தொடங்கலாம். கருத்து வேறுபாடு வரும். சுங்கை சிப்புட்டார் ஒன்று சொல்வர், தெலுக் இந்தானார் வேறொன்று சொல்வர். 1865இன் தரநூலும் அத்தகைய வழக்காடலில் இருந்தே பிறந்தது.

அவ்வாறு எழுதும்போது, மேலைநாட்டார் பட்டறிந்த பாடத்தையும் மனத்திற் கொள்வோம். நிறத்துக்கும் வாலுக்கும் மட்டும் மதிப்பெண் வைத்தால், அடைகாக்கத் தெரியாத அழகுக் கோழியே மிஞ்சும். குஞ்சைக் காக்கும் தாய்மைக்கும், நோய் தாங்கும் வலிமைக்கும், தானே இரை தேடும் திறத்துக்கும் அந்த ஏட்டில் இடம் இருக்கட்டும். லயத்துப் பெண்கள் தம் கோழிகளை மதிப்பிட்டது அவற்றைக் கொண்டுதான்.